சிறு வணிகருக்கு ஒலி - ஒளி விளம்பரம்: கடைக்காரர் குரலே மூலதனம்

"விளம்பரம் என்பது பெரிய கம்பெனிகளுக்குத்தான், தெருமுனை மளிகைக் கடைக்கு அது எதற்கு?" என்று கேட்கும் வணிகர்கள் நம்மிடையே இன்றும் பலர் உண்டு. தராசு நேராக இருந்தால் வாடிக்கை தானே வரும் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். அது பொய்யல்ல. ஆனால் அந்த நாளில் வாடிக்கையாளர் தினமும் நம் கடை வாசலைக் கடந்து போனார். வாசலில் அவிழ்த்து வைத்த மூட்டையைப் பார்த்தே என்ன சரக்கு வந்திருக்கிறது என்று தெரிந்து கொண்டார். இன்றோ, வீட்டில் இருந்தபடியே செல்போனில் விரலால் தொட்டுப் பருப்பும் எண்ணெயும் வரவழைத்துக் கொள்கிறார். நம் கடைக்குப் புதுப் புளி வந்திருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. நாம் சொன்னால்தான் தெரியும்.

சொல்வதற்கு வேண்டிய கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் ஸ்டுடியோவும் கேமராக்காரரும் இல்லாமல் நடக்காத ஒலிப்பதிவும் படப்பிடிப்பும் இன்று சாதாரண செல்போனிலேயே முடிந்துவிடுகின்றன. எனவே எதைச் சொல்வது, எப்படிப் பதிவு செய்வது, எந்த வழியில் அனுப்புவது, செலவு கட்டுமா, சட்டம் எங்கே குறுக்கிடும் என்பனவற்றை மளிகை வணிகர்களும் சிறு வியாபாரிகளும் தெரிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

தண்டோரா முதல் செல்போன் வரை

ஒலியால் விளம்பரம் செய்வது நமக்குப் புதிதல்ல. தண்டோரா போட்டதும், ரிக்‌ஷாவில் மைக் கட்டி நோட்டீஸ் வீசியதும், சினிமாக் கொட்டகையில் இடைவேளையின் போது சிலைடு போட்டதும் நம் வணிகர்கள் அறிந்தவையே. வானொலியில் 1957 அக்டோபர் 3-ம் நாள் தொடங்கிய விவித பாரதி, 1967 நவம்பர் 1 முதல் வர்த்தக விளம்பரங்களை ஏற்றது. தூர்தர்ஷன் 1976 ஜனவரி 1 முதல் விளம்பரங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. பிறகு உள்ளூர் கேபிள் டிவியும், தனியார் எஃப்.எம். நிலையங்களும் வந்தன.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான கணக்கு இருந்தது. இத்தனை வினாடிக்கு இத்தனை ரூபாய் என்று கட்ட வேண்டும். காசு உள்ளவர் அதிக நேரம் பேசினார். இல்லாதவர் சிலைடோடு நிறுத்திக் கொண்டார். இன்று செல்போன் வழியாகச் சொல்வதற்கு அந்த வினாடிக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் இலவசம் என்பதால் எல்லோருமே பேசுகிறார்கள். செலவு குறைந்தது போலவே கேட்பவரின் பொறுமையும் குறைந்துவிட்டது. பயனுள்ள செய்தி இல்லை என்றால் இரண்டே வினாடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஆகவே எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதைவிட, என்ன சொல்கிறோம் என்பதே இன்று முக்கியமாகிறது.

வணிகரே பேசலாம்

"நமக்குப் பேச வராது, நடிகர் வேண்டும், நல்ல குரல் வேண்டும்" என்று தயங்க வேண்டியதில்லை. இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

எம்.டி.எச். மசாலா நிறுவனத்தை வளர்த்த மகாஷய் தரம்பால் குலாட்டி 1923-ல் சியால்கோட்டில் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே மசாலாக் கடை வைத்திருந்தார். 1947-ல் நாட்டுப் பிரிவினையால் எல்லாவற்றையும் விட்டு டில்லிக்கு வந்து, சில காலம் குதிரை வண்டி ஓட்டி, பிறகு கரோல் பாக் பகுதியில் சிறிய மசாலாக் கடை போட்டார். பிற்காலத்தில் தொலைக்காட்சி விளம்பரங்களில் தலைப்பாகையுடன் தாமே தோன்றினார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. 2019-ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2020 டிசம்பரில் காலமானார். நம் தமிழ்நாட்டில் 1978-ல் வசந்த் அண்ட் கோ நிறுவனத்தைத் தொடங்கிய எச். வசந்தகுமாரும் அவ்வாறே, தம் கடையின் விளம்பரங்களில் தம் சிரித்த முகத்தையே முன்னிறுத்தினார். 

இருவரும் நடிப்புத் தொழில் கற்றவர்கள் அல்லர். "இந்தச் சரக்குக்கு நான் பொறுப்பு" என்று ஒரு மனிதர் எதிரில் வந்து நிற்பதில் மக்களுக்கு ஒரு நம்பிக்கை ஏற்படுகிறது. அந்த நம்பிக்கையைப் பெறப் பெரிய நிறுவனங்கள் பெரும் தொகை செலவு செய்து முகத்தை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. தெருக் கடைக்காரருக்கோ அந்தச் செலவே இல்லை. சுற்று வட்டாரத்தில் நானூறு, ஐந்நூறு குடும்பங்களுக்கு அவர் முகமும் குரலும் ஏற்கனவே பழக்கம். இதைவிடப் பெரிய மூலதனம் வேறில்லை.

எதைச் சொல்வது?

"தரமான பொருட்கள், நியாயமான விலை, ஒரு முறை வருகை தாருங்கள்" என்பது எல்லாக் கடைகளும் சொல்வது. அதனால் எந்தக் கடையையும் அது தனித்துக் காட்டுவதில்லை. கல்லாவில் அமர்ந்து வாடிக்கையாளரிடம் நாம் தினமும் என்ன சொல்கிறோமோ, அதுவே சிறந்த விளம்பரம். ஒரு மளிகை வணிகர் சரக்கைப் பற்றி அறிந்திருப்பதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வாங்குபவர் அறிந்திருப்பதில்லை. அந்த அறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து கொண்டால், கேட்பவர் பயன் பெறுவார். பயன் பெற்றவர் நம்மிடமே வருவார்.

எடுத்துக்காட்டாகச் சில செய்திகள்:

1. பழைய அரிசி தண்ணீரைக் கூடுதலாக இழுக்கும். சாதம் உதிரியாக வரும். புது அரிசி குழையும், பொங்கலுக்கு ஏற்றது. எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லலாம்.

2. வெல்லம் பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருப்பதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நிறத்திற்காக ஹைட்ராஸ் என்னும் இரசாயனம் சேர்த்தாலும் அந்த நிறம் வரும் என்பதையும், சற்றுக் கருத்த வெல்லத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்பதையும் விளக்கலாம்.

3. இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாளிப்புக்குக் குண்டு, பொடிக்கு நீட்டு மிளகாய் என்று வகை பிரித்து, கையில் எடுத்துக் காட்டலாம்.

4. மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டதும் விதை மிதக்கும். நல்ல மிளகு அடியில் தங்கும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுமக்களுக்காக வெளியிட்டுள்ள எளிய சோதனைகளில் இதுவும் ஒன்று. நம் கடை மிளகையே ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுக் காட்டினால், அதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

5. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். தை மாதம் தொடங்கிப் புது மஞ்சள் வரும். எது எப்போது வாங்கினால் வருடத்திற்குத் தாங்கும், எப்படிக் காயவைத்துச் சேமிப்பது என்பதை இல்லத்தரசிகள் ஆவலுடன் கேட்பார்கள்.

இவ்வாறு மாதத்திற்கு நான்கு செய்தி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 48 செய்திகள் ஆகின்றன. ஒரு மளிகைக் கடையில் 48 சரக்குக்குப் பஞ்சமில்லை.

செய்தியை எப்படி அமைப்பது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம். கடைப் பெயரையும் விலையையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம்.

"வணக்கம். நம்ம கோயில் தெரு மளிகைக் கடையிலிருந்து பேசுகிறேன். புதுப் புளி வந்திருக்கிறது. கொட்டையும் நாரும் எடுத்தது. கிலோ இன்ன விலை. வரும் சனிக்கிழமை வரை இதே விலைதான். வருடத்திற்கு வாங்குபவர்கள் நல்ல வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி, ஜாடியில் அமுக்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கால் கிலோ வாங்கிக் கரைத்துப் பாருங்கள். நன்றி."

இதில் யார் பேசுகிறார், என்ன சரக்கு, என்ன விலை, எதுவரை, என்ன பயன் என்ற ஐந்தும் அடங்கிவிட்டன. நிதானமாகப் பேசினால் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஒரு செய்திக்கு ஒரு சரக்கு போதும். பத்துச் சரக்கின் விலையை ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றுகூட மனதில் நிற்காது.

முதலில் ஒலி, பிறகு ஒளி

பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சிறிய ஸ்பீக்கர் பெட்டி இன்று பெட்டிக் கடைகளில்கூட இருக்கிறது. தராசில் கையும் மூட்டையில் கண்ணுமாக இருக்கும் வணிகருக்கு, செல்போனை எடுத்துப் பார்க்காமலேயே பணம் வந்தது தெரிகிறது. கையும் கண்ணும் வேலையாக இருக்கும்போது காது ஓய்வாக இருக்கிறது என்பதே இதன் சூட்சுமம். நம் வாடிக்கையாளருக்கும் இது பொருந்தும். சமையல் செய்து கொண்டிருப்பவரால் படம் பார்க்க முடியாது. ஆனால் குரலைக் கேட்க முடியும். எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் ஒலிச் செய்தியில் தொடங்குவதே எளிது. கூச்சமும் தெளியும்.

ஒலிப்பதிவுக்குச் சில குறிப்புகள்:

• காலியான அறையில் பேசினால் எதிரொலி வரும். அரிசி, பருப்பு மூட்டைகள் அடுக்கிய குடோனில் நின்று பேசுங்கள். மூட்டைகள் எதிரொலியை உறிஞ்சிக் கொள்ளும். இந்த வசதி பல ஸ்டுடியோக்காரர்களுக்குக் காசு கொடுத்தால்தான் கிடைக்கும்.

• மின்விசிறியையும், குளிர்பானப் பெட்டியின் சத்தத்தையும் தவிர்க்கவும்.

• வாய்க்கும் செல்போனுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மிக நெருங்கினால் மூச்சுக் காற்று இரைச்சலாக விழும்.

• எழுதி வைத்துப் படிக்க வேண்டாம். நான்கு குறிப்பை மட்டும் சிட்டையில் எழுதிக் கொண்டு, கல்லாவில் பேசுவது போலப் பேசவும். ஊர்ப் பேச்சு வழக்கு குறையல்ல. அதுவே நம் அடையாளம்.

ஒளிப்படத்திற்கு, அதாவது வீடியோவுக்கு, இன்னும் சில கவனிக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட செல்போன் கேமராக் கண்ணாடியை முதலில் துடைக்கவும். வாசல் வெளிச்சம் உங்கள் முகத்திலும் சரக்கிலும் விழும்படி நிற்கவும். வாசலுக்கு முதுகைக் காட்டி, கேமராவை வாசல் பக்கம் திருப்பி எடுத்தால் முகம் கருத்துவிடும். முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தால் கையையும் சரக்கையும் மட்டும் காட்டினாலும் போதும். மிளகாயை ஒடிப்பது, புளியைப் பிட்டுக் காட்டுவது, மஞ்சள் விரலியை உடைத்து உள் நிறத்தைக் காட்டுவது போன்ற காட்சிகளைப் பார்ப்பவர் மறப்பதில்லை. பேருந்திலும் அலுவலகத்திலும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சரக்கின் பெயரையும் விலையையும் ஒரு சிலேட்டில் பெரிதாக எழுதிச் சரக்கின் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக் கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார்கள். எனவே செலவு செய்வதானால் முதலில் சட்டையில் குத்தும் சிறிய மைக்குக்குச் செலவு செய்யவும். வயர் வைத்த மைக் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அடுத்து, செல்போன் ஆடாமல் நிற்க ஒரு ஸ்டாண்டு. இவ்விரண்டுக்கு மேல் எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை.

எந்த வழியில் அனுப்புவது?

வாட்ஸ்அப்: வணிகர்களுக்கென்று தனியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 முதல் உள்ளது, இலவசம். கடை முகவரி, நேரம், சரக்குப் பட்டியல் ஆகியவற்றை அதில் பதிந்து வைக்கலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்னும் வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். இதில் பல வணிகர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் எண்ணைத் தம் செல்போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். "இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை" என்று குறைப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே பில் போடும்போதே, "நம்ம கடை நம்பரைப் பதிந்து கொள்ளுங்கள்; புதுச் சரக்கு வந்தால் சொல்கிறேன், சரிதானே?" என்று கேட்டுச் சம்மதம் பெறுவது நல்லது. சம்மதம் இல்லாதவரைக் குழுவில் இழுத்துப் போட்டால் அவர் எரிச்சலடைவதோடு, நம் எண் மீது புகார் கொடுக்கவும் கூடும். புகார்கள் பெருகினால் எண்ணே முடக்கப்படலாம்.

ஸ்டேட்டஸ்: இதில் போடுவது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அன்றன்றைய காய்கறி, கீரை, அன்று மட்டும் உள்ள விலை போன்றவற்றுக்கு இதுவே ஏற்றது. பழைய விலையைக் காட்டிச் சண்டைக்கு வருவோர் இருக்க மாட்டார்கள்.

யூடியூப், இன்ஸ்டாகிராம்: நீடித்து நிற்க வேண்டிய சரக்கு விளக்கங்களுக்கு இவை ஏற்றவை. யூடியூபில் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரையிலான நெடுக்குவாட்டுப் படங்கள் ஷார்ட்ஸ் வகையில் சேர்கின்றன. ஆனால் வெளியூரில் ஆயிரம் பேர் பார்ப்பதைவிட நம் வார்டில் ஐம்பது பேர் பார்ப்பதே மளிகைக் கடைக்குப் பயன். பார்த்தவர் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம்.

கூகுள் வரைபடம்: "பக்கத்தில் மளிகைக் கடை" என்று தேடுபவருக்கு நம் கடை தெரிய வேண்டுமானால் கூகுளில் கடையைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கும் கட்டணம் இல்லை. அங்கே 30 வினாடி வரையிலான வீடியோவும் சேர்க்கலாம். கடையின் முகப்பு, உள்ளே அடுக்கு, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைக் காட்டினால் போதும்.

சமுதாய வானொலி: குறைந்த தூரத்திற்கு மட்டும் கேட்கும் இந்த நிலையங்களைச் சிறு வணிகர்கள் மறந்துவிடுகிறார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ம் நாள் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இவ்வகையில் முன்னோடி. 2024-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் கொள்கைப்படி இவை ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். உங்கள் பகுதியில் இத்தகைய நிலையம் இருந்தால் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள்.

இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கையை மனதில் வைக்க வேண்டும். 2020 ஜூன் 29-ம் நாள் மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அதில் மட்டுமே ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவும் கைநழுவிப் போயிற்று. நிறுவனங்கள் நடத்தும் செயலி எதுவானாலும் அது வாடகைக் கடை போன்றது. எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். ஆகவே வாடிக்கையாளர் பெயர், தெரு, எண் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்துடன் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த நோட்டுதான் நம் சொந்தக் கட்டடம். அதை வேறு யாருக்கும் கொடுப்பதோ விற்பதோ கூடாது.

மொத்த வணிகர்களுக்கு

மண்டி வைத்திருப்போருக்கும் மொத்த வணிகர்களுக்கும் இதில் வேறு வகைப் பயன் உண்டு. காலையில் சில்லறைக் கடைக்காரர்கள் இருபது பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் 40 வினாடியில் ஒரு ஒலிச் செய்தி அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். தேதி, நேரம், சரக்கின் ரகம், மூட்டை எடை, விலை, ஜி.எஸ்.டி. உண்டா இல்லையா, லாரி வாடகை யாருடையது, இந்த விலை எத்தனை மணி வரை என்ற எட்டும் அதில் இருக்க வேண்டும். புது லோடு இறங்கும்போது மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளிக் காட்டி, அரை நிமிட வீடியோ அனுப்பினால் மாதிரி அனுப்பும் செலவும் குறையும்.

"எத்தனை மணி வரை" என்பதை விட்டுவிட்டால் வம்பு வரும். முன்பெல்லாம் வாய்ச்சொல் காற்றோடு போயிற்று. இப்போது நாம் சொன்ன விலை எதிராளியின் செல்போனில் நம் குரலிலேயே பதிந்து நிற்கிறது. காலை விலையை மாலையில் போட்டுக் காட்டி, "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று கேட்டால் மறுக்க முடியாது. அதேபோல் வீடியோவில் காட்டிய ரகம் ஒன்று, அனுப்பிய ரகம் வேறு என்றாலும் சான்று அவர் கையில் இருக்கிறது.

செலவு கட்டுமா?

மளிகையில் இலாப விகிதம் குறைவு. ஆகவே எந்த விளம்பரச் செலவையும் விற்பனையாக மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ஆட்டோ விளம்பரத்திற்கு 3,000 ரூபாய் ஆகிறது என்றும், நூறு ரூபாய் விற்பனையில் 8 ரூபாய் நிற்கிறது என்றும் கணக்குக்காக வைத்துக் கொள்வோம். அந்த 3,000 ரூபாயைத் திரும்ப எடுக்க 37,500 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை நடக்க வேண்டும். வழக்கமாக நடக்கும் விற்பனை இதில் சேராது. இத்துடன் நூற்றுக்கு 5 ரூபாய் தள்ளுபடியும் அறிவித்தால் நிற்பது 3 ரூபாய்தான். அப்போது 95,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றால்தான் செலவே ஈடாகும்.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். மாதம் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கும் ஒரு குடும்பம் புதிதாக நம் வாடிக்கையாகி நிலைத்தால், அதே விகிதத்தில் மாதம் 320 ரூபாய் நிற்கும். பத்து மாதத்தில் அந்த ஒரு குடும்பமே 3,200 ரூபாய் தந்துவிடும். ஒரு நாள் கூட்டத்தைக் கூட்டும் விளம்பரத்தைவிட, நிலைத்த வாடிக்கையைத் தரும் விளம்பரமே மேல் என்பது இதனால் விளங்கும்.

செல்போன் வழி விளம்பரத்திற்குப் பணச் செலவு இல்லை என்றாலும் நேரச் செலவு உண்டு. தினம் அரை மணி நேரம் என்றால், மாதம் 26 நாளுக்கு 13 மணி நேரம். அது பயன் தருகிறதா என்று அறிய, கல்லாவில் ஒரு சிறு நோட்டு வைக்கவும். புதிதாக வருபவரிடமும், போனில் ஆர்டர் கொடுப்பவரிடமும், "எதைப் பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்டு, வாட்ஸ்அப், யூடியூப், கூகுள், பிறர் சொல்லி என்று கோடு போட்டு வரவும். மூன்று மாதம் ஆன பின் எண்ணிப் பார்த்தால் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பது தெரிந்துவிடும்.

சட்டம் குறுக்கிடும் இடங்கள்

1. சினிமாப் பாட்டு: நம் வீடியோவுக்குப் பின்னணியாகச் சினிமாப் பாட்டையோ வசனத்தையோ அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ம் பிரிவு, உரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. இசை வேண்டுமானால் யூடியூப் தரும் ஆடியோ லைப்ரரியில் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கூடிய இசை உள்ளது. இசையே இல்லாமல் கடைச் சத்தத்தோடு பேசினாலும் குறையில்லை. நடிகர் படத்தையும், கம்ப்யூட்டரில் உருவாக்கிய அவர் போன்ற குரலையும் பயன்படுத்துவதும் ஆபத்தே.

2. நோய் தீரும் என்ற பேச்சு: சிறுதானியம், நாட்டு மருந்துச் சரக்கு விற்போர் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகர விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ம் பிரிவுப்படி 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

3. தூண்டில் விலை: குறைந்த விலையைச் சொல்லிக் கூட்டத்தை வரவழைத்து, "சரக்கு தீர்ந்துவிட்டது" என்று வேறு பொருளை விற்பதைக் கட்டுப்படுத்த 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. போதிய சரக்கு இருக்க வேண்டும். குறைவாகவே இருக்குமானால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்திற்கு முதல் முறை 10 இலட்சம் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50 இலட்சம் வரையும் அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்திற்கு உண்டு. "முதல் 50 பேருக்கு மட்டும்" என்றோ "200 கிலோ மட்டுமே" என்றோ தெளிவாகச் சொன்னால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம்.

4. ஒலிபெருக்கி: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் பயன்படுத்தக் கூடாது. வணிகப் பகுதியில் பகல் நேர ஒலி அளவு 65 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது.

5. பிறரைப் பற்றிப் பேசுவது: நம் மிளகு நல்லது என்று சோதித்துக் காட்டலாம். "எதிர்க் கடை மிளகு கலப்படம்" என்று சொல்லக் கூடாது. அது அவதூறு வழக்குக்கு இடமளிக்கும். வணிகர் ஒற்றுமையையும் கெடுக்கும். வாடிக்கையாளர் முகத்தையும், முக்கியமாகக் குழந்தைகள் முகத்தையும், கேட்காமல் படத்தில் காட்டக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் செலவே இல்லாமல் கூகுளில் கடையைப் பதிவு செய்து, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விவரங்களைச் சேர்க்கவும். இரண்டாம் வாரம் வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்டு எண்களைச் சேர்க்கவும். மூன்றாம் வாரம் ஒரே ஒரு ஒலிச் செய்தி அனுப்பவும். நான்காம் வாரம் ஒரு சரக்கைக் கையில் எடுத்துக் காட்டி ஒரு வீடியோ எடுக்கவும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் செல்போன் வேலையை அவர்களிடம் விடலாம். ஆனால் பேச்சு மட்டும் கடைக்காரருடையதாகவே இருக்கட்டும். வாரம் ஒன்று, இரண்டுக்கு மேல் அனுப்ப வேண்டாம். தினமும் வரும் செய்தியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைக்கலாம். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமானை இறக்கலாம். ஆனால் "இந்த மாதம் உளுந்து சரியில்லை, பத்து நாள் பொறுத்து வாங்குங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு ஆள் கிடையாது. அவ்வாறு சொல்லும் கடைக்காரரை வாடிக்கையாளர் விட்டுப் போவதில்லை. சரக்கு சரியில்லாத நாளில் அதையும் அதே குரலில் சொல்லத் துணிந்தவருக்கே இந்த விளம்பரம் கைகொடுக்கும். தராசு நேராக இருந்தால் வாடிக்கை வரும் என்ற முன்னோர் அனுபவத்தை இது மாற்றவில்லை. நம் தராசு நேராக இருப்பதைக் கடைக்கு வராதவரும் அறியும்படி செய்கிறது, அவ்வளவே. வணிக நண்பர்கள் இம்மாதமே ஒரு சரக்கைத் தேர்ந்தெடுத்துப் பேசிப் பார்க்கலாம்.